கோட்டையூர் வீட்டு அரட்டைக் குழு: நாடகத்தின் மூணாம் காட்சி

கதிரேசன்: பிள்ளையார் நோன்பன்னைக்கு இழை எடுத்து முடிஞ்சதும் வீட்டு நடு வளவுல போடப்போற நாடகத்துக்கு மூணாம் காட்சி எழுதிட்டேன். எல்லாரும் வாசிச்சுட்டுச் சொல்லுங்க.

கதிரேசன்: செவ்வாய்க்குப் போற விண்கலம். பொறியாளர் மாறன் திடீர்னு சுருண்டு விழுறான். இதயத் துடிப்பைக் காட்டுற திரையில கோடு நேராப் போகுது. கலத்தோட தலைவி ஓடிவந்து நெஞ்சை அமுக்குறா. டாக்டர் ஷாக் பெட்டியை வைக்கிறா. ஒரே ஷாக்! மாறன் கண்ணைத் திறந்து, "நான் எங்க இருக்கேன்?"

சிகப்பி: நான்தானே டாக்டர்? எனக்கு ஒரு வசனம்கூட இல்லையே தம்பி.

முத்து: மாறன் நான்னு முடிவாயிருச்சா?

கதிரேசன்: ஆமாண்ணே.

உமையாள் அயித்தை: கதிரு, டூட்டி முடிஞ்சு இப்பத்தான் பாத்தேன். கதை நல்லாருக்குப்பா. ஆனா இந்தக் காட்சியை இப்படியே விட எனக்கு மனசு வரலை. அவசர சிகிச்சைப் பிரிவுல நான் தினமும் நிக்கிற இடம் இது. சொல்லட்டுமா?

கதிரேசன்: சொல்லுங்க அயித்தை.

உமையாள் அயித்தை: எடையில்லாத இடத்துல யாரும் சுருண்டு விழ மாட்டாக. மிதந்துக்கிட்டுதான் இருப்பாக. தூங்குறப்பவும் கை ரெண்டும் முன்னால தூக்கித்தான் மிதக்கும், உயிர் போராடுறப்பவும் அப்படித்தான். பக்கத்துல இருக்கவுகளுக்குச் சட்டுனு தெரியாது. கூப்பிடணும், தோளைத் தட்டணும், மூச்சு வருதான்னு பாக்கணும். உன் காட்சி அங்க தொடங்கட்டும். தலைவி மாறனை ரெண்டு தடவை கூப்பிடுறா, அவன் திரும்பலை.

சிகப்பி: படிக்கும்போதே பதறுது.

உமையாள் அயித்தை: அடுத்து அந்த நேர்கோடு. கோடு நேரா இருந்தா ஷாக் குடுக்க மாட்டோம், குடுத்தாலும் பிரயோசனமில்லை. இதயம் தாறுமாறா நடுங்கிக்கிட்டு, ரத்தத்தைத் தள்ள முடியாம கிடக்குறப்பதான் ஷாக். அந்த நடுக்கத்தை அது ஒரேயடியா அடக்கும். அப்புறம் இதயம் தன் தாளத்தைத் தானே பிடிக்கணும். திரையில கோணல்மாணலா அலை ஓடட்டும்.

கதிரேசன்: அப்ப அவனுக்கு என்ன ஆச்சுன்னு வைக்கிறது?

நாச்சியப்பன் பெரியப்பச்சி: மின்சாரம் தாக்குனதா வை. இப்ப சுத்திக்கிட்டிருக்க சர்வதேச விண்வெளி நிலையத்துல கருவிகளுக்குப் போறது 120 வோல்ட் டி.சி. உன் மாறன் பேட்டரிப் பலகையைக் கழட்டி வேலை பாக்குறான். யாராச்சும் தொடுறதுக்கு முன்னால மின்சாரத்தை நிறுத்தணும், அதையும் எழுது. நாப்பது வருசத்துக்கு மேல கரண்டோட கிடந்தவன் சொல்றேன்.

உமையாள் அயித்தை: ரொம்பச் சரிண்ணே. மின்சாரம் தாக்குனா அந்த நடுக்கம் வரலாம்.

சிகப்பி: அப்பத்தா கேக்குறாக, நான் எழுதுறேன்: "அமுக்குறதுன்னா முறுக்கு உரலை அமுக்குறாப்புலயா உமையா?"

உமையாள் அயித்தை: அதேதான் ஆத்தா. நம்ம கனத்தைச் சாச்சுத்தானே மாவு பிழியிறோம். கை மடங்கக் கூடாது. நெஞ்சு 5 செ.மீ.யாவது இறங்கணும், 6-ஐத் தாண்டக் கூடாது. நிமிசத்துக்கு 100-லேருந்து 120 தடவை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசா மேல வரவிட்டு அடுத்தது.

உமையாள் அயித்தை: விண்கலத்துல சிக்கலே அதுதான். சாய்க்கிறதுக்குக் கனமே கிடையாது. தலைவி அமுக்குனா மாறன் ஒரு பக்கமும் அவ ஒரு பக்கமும் போயிருவாக. மொதல்ல அவனைப் பலகையில வார் போட்டுக் கட்டணும். விண்வெளி நிலையத்துல அதுக்குன்னே பலகை இருக்கு. ஷாக் குடுக்கும்போது மின்சாரம் கலத்துல பாயாத மாதிரி செஞ்சது. அமுக்குறவுக தலைகீழா நின்னு, பாதத்தை எதிர்ச்சுவத்துல ஊணி, ரெண்டு கையையும் நெஞ்சுல வச்சு, முழங்காலை மடக்கி நீட்டி அமுக்கணும். பலம் பூரா கால்லேருந்து வரும்.

முத்து: தலைகீழாவா? வளவுல அதை எப்படிக் காட்டுறது?

நாச்சியப்பன் பெரியப்பச்சி: பாக்குறவுகளை மேல்மாடித் தாழ்வாரத்துல உக்கார வைங்க. கீழ தரையில முத்து ஒருக்களிச்சுப் படுக்கட்டும். தலைவி பாதத்தைத் தூணுல ஊணிப் படுத்துக்கிட்டு அவன் நெஞ்சைத் தொடட்டும். மேலேருந்து பாத்தா ரெண்டு பேரும் மிதக்குற மாதிரியே தெரியும்.

கதிரேசன்: பெரியப்பச்சி!!! இது போதும்.

சிகப்பி: அப்பத்தாவால மாடி ஏற முடியாதே.

நாச்சியப்பன் பெரியப்பச்சி: மேலேருந்து படம் புடிச்சுக் கீழ பட்டாலைக் கூடத்துல டிவியில போடுறேன். ஆத்தா அங்க உக்காந்து பாக்கட்டும்.

உமையாள் அயித்தை: ஒண்ணு கண்டிசனாச் சொல்லிடுறேன். முத்து நெஞ்சை நிஜமா அமுக்கவே கூடாது. நல்லா இருக்கவுகளுக்கு விலா எலும்பு முறியலாம். நடுவுல தலையணையை வச்சு அதை அமுக்குங்க.

கதிரேசன்: சரி அயித்தை. இதையெல்லாம் நிஜமாச் செஞ்சு பாத்திருக்காகளா?

உமையாள் அயித்தை: பாத்திருக்காக. விமானத்தை வில்லு மாதிரி மேல ஏத்தி இறக்குனா ஒவ்வொரு தடவையும் 22 நொடி போல எடையே இல்லாம போகும். அந்த நேரத்துல பொம்மை மேல பண்ணிப் பாக்குறாக. 2025-ல ஐரோப்பிய இதயவியல் மாநாட்டுல சொன்ன சோதனையில, தலைகீழா நின்னு அமுக்குனப்ப 34.5 மி.மீ.தான் இறங்குச்சு, வேண்டியது 50. தண்டு வச்சு அமுக்குற எந்திரம் 53 மி.மீ. இறக்குச்சு. அதனால உன் கப்பல்ல எந்திரம் இருக்கட்டும். ஆனா அதை எடுத்து மாட்டுற வரைக்கும் கைதான். நிறுத்தவே கூடாது.

சிகப்பி: பூமியில இருக்க டாக்டர்ககிட்ட கேக்க மாட்டோமா?

நாச்சியப்பன் பெரியப்பச்சி: செவ்வாய்க்குப் பக்கத்துல இருந்தா ஒரு சேதி பூமிக்கு வந்துசேரவே 3 நிமிசத்துலேருந்து 22 நிமிசம் வரை ஆகும். பதில் வர அதே மாதிரி இன்னொரு மடங்கு.

உமையாள் அயித்தை: ரத்த ஓட்டம் நின்னு நாலஞ்சு நிமிசத்துல மூளை கெட ஆரம்பிச்சிரும். நிதானமா வர்ற நோய்க்குப் பூமி உதவும். விண்வெளி நிலையத்துல ஒருத்தருக்குக் கழுத்து ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டியிருந்ததைக் கீழ இருந்த டாக்டர்க வழி சொல்லி வைத்தியம் பாத்தாக. 2020-ல மருத்துவ இதழ்ல வந்துச்சு. இதயம் நின்னா அப்படிக் காத்திருக்க முடியாது. கப்பல்ல ஆறு பேர்னா ஆறு பேருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

முத்து: அயித்தை, நிஜத்துல விண்வெளி வீரர்களைப் பிழைக்க வைக்கப் போராடியிருக்காகளா?

நாச்சியப்பன் பெரியப்பச்சி: 1971 ஜூன் 30. சோவியத் விண்கலம் சோயுஸ் 11. திரும்பி வர்றப்பக் காத்தழுத்தத்தைச் சமப்படுத்துற வால்வு மேலேயே திறந்து உள்ள இருந்த காத்தெல்லாம் போயிருச்சு. மூணு பேருக்கும் கவச உடை கிடையாது. கலம் கசகஸ்தான்ல ஒழுங்கா வந்து இறங்குச்சு. மீட்கப் போனவுக கதவைத் திறந்து மூணு பேரையும் தரையில கிடத்தி நெஞ்சை அமுக்கி, மூச்சு ஊதிப் பாத்தாக. பிழைக்கலை. அதுக்கப்புறந்தான் சோயுஸ்ல ஏறும்போதும் இறங்கும்போதும் கவச உடை கட்டாயமாச்சு.

சிகப்பி: அப்பத்தா சொல்றாக: "உங்க ஐயா முகப்புத் திண்ணையில சாஞ்சப்ப தெருவே ஓடிவந்துச்சு. ஒருத்தர் விசிறுனாக, ஒருத்தர் வாயில தண்ணி ஊத்துனாக. நெஞ்சுல கை வைக்கணும்னு அங்க ஒருத்தருக்கும் தெரியலையே ஆத்தா."

உமையாள் அயித்தை: யாரையும் குத்தம் சொல்ல முடியாது ஆத்தா. யாரும் சொல்லிக்குடுத்ததில்லை. அதுக்காகத்தான் இந்தக் காட்சி சரியா இருக்கணும்னு நிக்கிறேன். சின்னப் பிள்ளைக பாத்தா மறக்காதுக. நினைவில்லாதவுக வாயில தண்ணி ஊத்தக் கூடாது, அது நுரையீரலுக்குப் போயிரும். ஒருத்தர் 108-க்கு அடிக்கணும், இன்னொருத்தர் அந்த நொடியே அமுக்கத் தொடங்கணும்.

கதிரேசன்: அயித்தை, தலைவி கடைசி வரைக்கும் அவளே அமுக்கட்டுமா? அவதானே கதாநாயகி.

உமையாள் அயித்தை: வேணாம்பா. ரெண்டு நிமிசத்துல யாருக்கும் கை ஓஞ்சுரும், தனக்கே தெரியாம அழுத்தம் குறையும். தலைவி "மாறு"ன்னு சொல்லணும், அடுத்தவுக கை அங்க தயாரா இருக்கணும். அவ விட்டுக்குடுக்குறதுலதான் மாறன் பிழைக்கிறான். சிகப்பி, உன் வசனம் இதோ: "எல்லாரும் கையை எடுங்க." பாத்துட்டு, "ஷாக்." குடுத்த உடனே, "மறுபடி அமுக்கு." இன்னொண்ணு, குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்க விடாதீக. அங்க சொட்டு இறங்காது, பம்பு வச்சுத்தான் ஏத்தணும்.

சிகப்பி: எழுதிக்கிட்டேன் அயித்தை.

கதிரேசன்: மாத்திட்டேன்: "மாறா! மாறா!" பதில் இல்லை. பேட்டரியின் மின்சாரம் நிற்கிறது. நாலு பேர் அவனை வாரால் கட்டுகிறார்கள். தலைவி காலை ஊன்றி அமுக்குகிறாள். "இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது." ரெண்டு மூச்சு. முதல் ஷாக். அலை மாறவில்லை. "மாறு." மருத்துவ உதவியாளர் அமுக்குகிறான். ரெண்டாவது ஷாக். "மாறு." சமையல்காரர் அமுக்குகிறார். மூணாவது ஷாக். ரெண்டு நிமிஷம் கழித்து டாக்டர் கழுத்தில் விரல் வைத்து, "நாடி இருக்கு." மாறன் கண்ணைத் திறந்து...

உமையாள் அயித்தை: சமையல்காரரையும் சேத்ததுக்கு உன்னைக் கட்டிப்பிடிக்கணும். கண்ணைத் திறக்குறதை மட்டும் எடுத்துரு. நாடி வந்தவுக உடனே பேச மாட்டாக. மூச்சுக்காகத் தொண்டையில செருகுன குழாயோட அவன் கிடக்கணும், எல்லாரும் கண்ணு மூடாம பாத்துக்கிட்டிருக்கணும். அவன் கண்ணைத் திறக்குறது நாலாம் காட்சியில வரட்டும்.

கதிரேசன்: எடுத்துட்டேன்.

உமையாள் அயித்தை: நோன்புக்கு வரும்போது பழகுற பொம்மையைக் கேட்டு வாங்கிட்டு வாரேன். நாடகம் முடிஞ்சு பெரியவுக, சின்னவுக எல்லாரும் ஆளுக்கு ரெண்டு நிமிசம் அமுக்கிட்டுத்தான் பலகாரத் தட்டை எடுக்கணும்.

சிகப்பி: அப்பத்தா கேக்குறாக, பொம்மையை மேசை மேல வைக்க முடியுமான்னு. தரையில உக்கார முடியாதாம், ஆனா அவுகளும் அமுக்கணுமாம்.

உமையாள் அயித்தை: வைக்கலாம் ஆத்தா. மொத முறை உங்களுக்குத்தான்.