உதவி: சாரா மாறி, சார்ந்த மாறி, கட்டுப்பாட்டுக் குழு – மூன்று சோதனைகளில் குழப்பம்

விடியல்:
வணக்கம். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அறிவியல் பயிற்சித்தாளில் மூன்று சோதனைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சாரா மாறி, சார்ந்த மாறி, மாறாமல் வைக்க வேண்டியவை, கட்டுப்பாட்டுக் குழு, சோதனைக் குழு என்று ஐந்து கட்டங்களை நிரப்ப வேண்டும். வரையறை எல்லாம் அவளுக்கு மனப்பாடம். சோதனையைக் கையில் கொடுத்தால்தான் தடுமாறுகிறாள்.

சோதனை 1: ஒரே வகைச் செடிகள் 20, வரிசைக்கு ஐந்தாக நான்கு வரிசைகள். ஒவ்வொரு வரிசைக்கும் முறையே 0, 2, 4, 6 கிராம் உரம். மூன்று நாளுக்கு ஒருமுறை உயரத்தை அளந்து 21 நாள் குறிக்க வேண்டும்.

சோதனை 2: தனி ஊசல் (நூலில் கட்டித் தொங்கவிட்ட குண்டு). நூலின் நீளம் 25, 50, 75, 100 செ.மீ. ஒவ்வொரு நீளத்திலும் 20 அலைவுகளுக்கு (ஒருமுறை போய்த் திரும்புவது ஓர் அலைவு) ஆகும் நேரம்.

சோதனை 3: கண்ணாடிக் குடுவையில் நீர்த்தாவரம். விளக்கை 10, 20, 30, 40 செ.மீ. தள்ளி வைத்து ஒரு நிமிடத்தில் வரும் குமிழிகளை எண்ண வேண்டும்.

முதல் சோதனையில் நாளும் மாறுகிறது, உரமும் மாறுகிறது. அப்படியானால் சாரா மாறி இரண்டா? ஊசலில் கட்டுப்பாட்டுக் குழு எங்கே இருக்கிறது? 20 செடி என்றால் 20 குழுவா? யாராவது பொறுமையாக விளக்கினால் நல்லது.

நேர்கோடு:
நீங்கள் கை வைத்து மாற்றியது சாரா மாறி. அதன் பலனாக மாறுகிறதா என்று அளந்து பார்ப்பது சார்ந்த மாறி. மற்றதெல்லாம் அசையக்கூடாது. உரம், நீளம், விளக்கின் தூரம் மூன்றும் சாரா மாறிகள். உயரம், நேரம், குமிழி எண்ணிக்கை மூன்றும் சார்ந்த மாறிகள்.

ஆய்வுமேசை:
நேர்கோடு சொன்னது சரி. ஆனால் குழந்தை ஏன் தடுமாறுகிறாள் என்பதற்கு அதில் விடை இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் பெரும்பாலும் சறுக்குவது நேரத்தில்தான். ‘நேரம் என்றால் சாரா மாறி’ என்று எங்கோ படித்து அப்படியே பிடித்துக்கொள்கிறார்கள். உங்கள் தாளிலேயே பாருங்கள், ஊசலில் நேரம் சார்ந்த மாறி. குமிழிச் சோதனையில் அதே நேரம் மாறாமல் வைக்க வேண்டியது, எல்லாத் தூரத்துக்கும் ஒரே ஒரு நிமிடம். செடியில் அது அளக்கும் கால அட்டவணை மட்டுமே. ஒரு பொருளைப் பார்த்து அது எந்த மாறி என்று சொல்லவே முடியாது. அந்தச் சோதனை கேட்கும் கேள்வியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அதனால் கட்டங்களைத் தொடுவதற்கு முன் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்: ‘______ஐ மாற்றினால் ______ மாறுமா?’ முதல் சோதனைக்கு, ‘உரத்தின் அளவை மாற்றினால் செடியின் உயரம் மாறுமா?’ இதில் நாளுக்கு இடமே இல்லை. நான்கு வரிசைக்கும் 21 நாள் ஒரேபோல ஓடுகிறது, யாரும் அதை மாற்றவில்லை. வரைபடத்தில் நாளைக் கிடை அச்சில் போடுவதால்தான் அது சாரா மாறி போலத் தோன்றுகிறது. 21ஆம் நாள் உயரத்தை மட்டும் எடுத்து, கிடை அச்சில் உரத்தைப் போட்டு வரையச் சொல்லுங்கள், அவளுக்கே பிடிபடும். ஒரே ஒரு செடியை வைத்து ‘நாளாக ஆக உயரம் எப்படிக் கூடுகிறது’ என்று கேட்டிருந்தால் அப்போது நாள்தான் சாரா மாறி.

குழுக்கள்: 20 அல்ல, நான்கு. உரம் போடாத ஐந்து செடிகளும் சேர்ந்து கட்டுப்பாட்டுக் குழு. 2, 4, 6 கிராம் பெற்றவை மூன்று சோதனைக் குழுக்கள். ஒரு குழுவில் ஐந்து செடி வைப்பது, ஏதோ ஒரு செடி பிறப்பிலேயே சவலையாக இருந்தால் முடிவு கெட்டுவிடக்கூடாது என்பதற்காக. ஐந்தின் சராசரியை எடுத்துக்கொள்ள வேண்டும்.

விடியல்:
மிக்க நன்றி சார். வாக்கியம் எழுதச் சொன்னதும் முதல் இரண்டு கட்டங்களையும் அவளே நிரப்பிவிட்டாள். இப்போது அவள் கேட்பது: கட்டுப்பாட்டுக் குழுவுக்கு ‘ஒன்றுமே கொடுக்கக்கூடாது’ என்றால் தண்ணீரும் ஊற்றக்கூடாதா?

ஆய்வுமேசை:
நல்ல கேள்வி, பாராட்டைச் சொல்லுங்கள். உரத்தை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து ஊற்றினால், 0 கிராம் வரிசைக்கும் அதே 100 மி.லி. வெறும் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் வேறுபாடு உரத்தாலா தண்ணீராலா என்று பிரிக்கவே முடியாது. கட்டுப்பாட்டுக் குழுவில் குறைவது சாரா மாறி ஒன்று மட்டும்தான். மண், தொட்டியின் அளவு, வெயில், தண்ணீர், செடியின் வகை, தொடக்க உயரம் எல்லாம் நான்கு வரிசைக்கும் பொது. மாறாமல் வைக்க வேண்டியவை என்ற கட்டத்தில் வர வேண்டியது இந்தப் பட்டியல்தான். அது நிலைமைகளின் பெயர், கட்டுப்பாட்டுக் குழு என்பது கண்ணெதிரே நிற்கும் ஐந்து செடிகள். பிள்ளைகள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள்.

இன்னொன்று. எந்தச் செடி எந்த வரிசைக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கட்டும். கண்ணால் தேர்ந்தெடுத்தால் செழிப்பானவை நம்மை அறியாமலேயே உரம் போடும் பக்கம் போய்விடும்.

அலைவு:
ஊசலுக்கு நான் சொல்கிறேன். கட்டுப்பாட்டுக் குழு கட்டத்தில் ‘இல்லை’ என்று தைரியமாக எழுதலாம். நீளம் 0 என்றால் ஊசலே இல்லையே, எதை வைத்து ஒப்பிடுவது? இங்கே நான்கு நீளங்களும் ஒன்றோடொன்று ஒப்பிடப்படுகின்றன, அவ்வளவுதான்.

மாறாமல் வைக்க வேண்டியவை இதில் முக்கியம். குண்டு ஒன்றே இருக்கட்டும். விலக்கும் கோணமும் ஒன்றே, அதுவும் 10 பாகைக்குள். நீளத்தைத் தாங்கியிலிருந்து குண்டின் மையம் வரை அளக்க வேண்டும், நூலின் முடிச்சு வரை அல்ல. 25 செ.மீ.க்கு 20 அலைவுகள் ஏறத்தாழ 20 நொடி, 100 செ.மீ.க்கு ஏறத்தாழ 40 நொடி வரும். நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்குதான். ஓர் அலைவை மட்டும் அளந்தால் கடிகாரத்தை அழுத்தும் கையின் தாமதமே பெரிய பிழையாகிவிடும், 20 எண்ணுவது அதற்காக.

சமன்பாடு:
அலைவு, முழுவதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 25 செ.மீ.யை அடிப்படையாக வைத்து மற்ற மூன்றையும் ஒப்பிட்டால் அதைக் கட்டுப்பாடு என்று சொல்லக் கூடாதா? பல விடைத்தாள்களில் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

அலைவு:
ஒப்பீட்டு அளவு என்று சொல்லுங்கள், மறுக்கவில்லை. ஆனால் 25ஐ விட்டு 100ஐ அடிப்படையாக எடுத்தாலும் முடிவு அதேதான். செடிச் சோதனையில் 0 கிராம் வரிசையை அப்படி மாற்றி வைக்க முடியாது, உரமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அது மட்டும்தான் காட்டும். எதுவுமே கொடுக்காத குழு இல்லாமலும் நல்ல சோதனை நடக்கும். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் சாலிஸ்பரி என்ற கப்பலில் ஸ்கர்வி நோயாளிகள் 12 பேரை இருவர் இருவராக ஆறு இணைகளாகப் பிரித்தார். ஆறு இணைக்கும் ஏதோ ஒரு மருந்து உண்டு. மற்ற உணவு எல்லாருக்கும் ஒன்றே. ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்ற இருவர்தான் சட்டென்று தேறினார்கள். ஆறையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டதே அந்த முடிவைக் காட்டிக்கொடுத்தது.

நீர்ப்பாசி:
மூன்றாவது சோதனையை எல்லாரும் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். மூன்றில் சிக்கலானது அதுதான்.

கையால் நகர்த்துவது விளக்கு, ஆகவே தூரம் என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் செடிக்குத் தூரம் தெரியாது, அதன்மேல் விழும் ஒளிதான் தெரியும். சிறிய விளக்கென்றால் 10 செ.மீ.யிலிருந்து 20க்குத் தள்ளும்போது ஒளிச்செறிவு பாதியாகாது, ஏறத்தாழ கால் பங்காகும். ‘விளக்கின் தூரத்தால் மாற்றப்படும் ஒளிச்செறிவு’ என்று எழுதுவது இன்னும் துல்லியம்.

இனி, ஒளியோடு கூடவே மாறுவது வெப்பம். குண்டு பல்பு 10 செ.மீ.யில் இருந்தால் குடுவைத் தண்ணீர் சூடாகும். குமிழி கூடியது ஒளியாலா சூட்டாலா? நாம் மாற்ற நினைக்காத ஒன்று சாரா மாறியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. விளக்குக்கும் குடுவைக்கும் நடுவே தண்ணீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்தால் வெப்பத்தின் பெரும்பகுதியை அது வாங்கிக்கொள்ளும். குடுவைக்குள் வெப்பமானியும் இருக்கட்டும். எல்.இ.டி. விளக்கு என்றால் தொல்லை குறைவு.

1668இல் பிரான்செஸ்கோ ரெடி என்ற இத்தாலிய மருத்துவர் இதே மாதிரி ஒரு சிக்கலைத்தான் தீர்த்தார். இறைச்சியில் புழு தானாகவே உண்டாகிறதா, ஈயால் வருகிறதா என்பது அவர் கேள்வி. திறந்த ஜாடியில் வைத்த இறைச்சியில் புழு வந்தது, மூடிய ஜாடியில் வரவில்லை. ஆனால் மூடியபோது ஈயோடு காற்றும் தடைப்பட்டதே? அதனால் மெல்லிய வலைத்துணி கட்டிய ஜாடியையும் வைத்தார். காற்று போகும், ஈ போகாது. அதிலும் இறைச்சியில் புழு இல்லை.

கட்டுப்பாட்டுக் குழு வேண்டுமென்றால், விளக்கை அணைத்துக் குடுவையைக் கறுப்புத் துணியால் நன்றாக மூடி வைத்து, ஒரு நிமிட எண்ணிக்கைக்கு மட்டும் திறந்து மங்கிய வெளிச்சத்தில் எண்ணலாம். அப்போதும் ஓரிரு குமிழி வந்தால் அது ஒளிச்சேர்க்கையால் வந்ததல்ல.

விடியல்:
எல்லாருக்கும் நன்றி. அவள் எழுதியது இது. சோதனை 1: சாரா மாறி, உரத்தின் அளவு. சார்ந்த மாறி, செடியின் வளர்ச்சி. சோதனை 2: நூலின் நீளம், 20 அலைவுகளின் நேரம், கட்டுப்பாட்டுக் குழு இல்லை. சோதனை 3: ஒளிச்செறிவு, நிமிடத்துக்குக் குமிழிகள், இருட்டில் வைத்த குடுவை கட்டுப்பாடு. சரிதானா?

ஆய்வுமேசை:
ஒரே ஒரு திருத்தம். ‘வளர்ச்சி’ என்றால் ஒருவர் இலையை எண்ணுவார், இன்னொருவர் எடை பார்ப்பார். ‘21ஆம் நாளில் மண்மட்டத்திலிருந்து தண்டின் நுனி வரை உள்ள உயரம், செ.மீ.யில்’ என்று எழுதச் சொல்லுங்கள். மற்றவை அப்படியே இருக்கட்டும்.