ஆன்லைன் கோர்ஸில் ஸ்கீமா டிசைன் படித்த மூன்று பேரின் அனுபவங்கள்

டேட்டாபேஸ் டிசைனுக்கு மூன்று ஆன்லைன் கோர்ஸ் முடித்திருக்கிறேன். ஒரே தகவல் பல இடத்தில் வராதபடி டேபிள்களைப் பிரிக்கும் விதிகளான முதல், இரண்டாம், மூன்றாம் நார்மல் ஃபார்ம் என்றால் என்ன என்று யார் கேட்டாலும் உடனே சொல்வேன். ஆனால் ஒரு சின்ன நூலகத்துக்கு நானே ஸ்கீமா (எந்தத் தகவல் எந்த டேபிளில் எப்படி இருக்கும் என்ற அமைப்பு) போட உட்கார்ந்தபோதுதான் ஒன்று புரிந்தது. கோர்ஸில் எது எது தனி டேபிள் என்று யாரோ ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தார்கள். கஷ்டமான வேலையே அதுதான்.

'புத்தகம்' என்று ஒரு டேபிள் போட்டேன். நூலின் ஒவ்வொரு பதிப்புக்கும் தரும் ஐஎஸ்பிஎன் தனித்தனி எண்தானே என்று அதையே பிரைமரி கீ (டேபிளின் ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்டும், இரண்டு முறை வரக் கூடாத மதிப்பு) ஆக்கி, முழு எண் வகையில் வைத்தேன். 0-வில் தொடங்கும் எண்களில் முன்னால் இருந்த 0 காணாமல் போனது. பழைய 10 இலக்க எண்ணின் கடைசி இடத்தில் எக்ஸ் என்ற எழுத்தும் வரலாம். அது உள்ளேயே போகவில்லை. சரி, டெக்ஸ்ட் வகைக்கு மாற்றினேன். அப்புறம் 1950களில் அச்சான புத்தகங்கள் வந்தன. அவற்றுக்கு ஐஎஸ்பிஎன்னே கிடையாது. 2007 முதல் எண் 13 இலக்கமாகிவிட்டதால், ஒரே பதிப்பு பழைய எண்ணில் ஒரு வரியாகவும் புதிய எண்ணில் இன்னொரு வரியாகவும் உட்கார்ந்திருந்தது.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு, ஒரே புத்தகத்தின் இரண்டாவது பிரதியைச் சேர்க்கப் போனபோது தெரிந்தது. கீ ஏற்கெனவே இருக்கிறது என்று எரர். இரவல் போவது நூல் இல்லை, ஒரு குறிப்பிட்ட பிரதி. நூல் ஒரு டேபிள், பிரதி ஒரு டேபிள், இரவல் பிரதியைச் சுட்ட வேண்டும். இப்போதெல்லாம் டேபிள் உருவாக்கும் முன் காகிதத்தில் ஒரு வாக்கியம் எழுதிக்கொள்கிறேன்: "இங்கே ஒரு வரி என்பது அலமாரியில் இருக்கிற ஒரு பிரதி." அந்த வாக்கியம் தெளிவாக வரவில்லை என்றால் டேபிளைத் தொடுவதில்லை.

* * *

எனக்கு ஃபாரின் கீயில் நடந்தது இது. ஒரு டேபிளின் வரி, இன்னொரு டேபிளில் நிஜமாகவே இருக்கிற வரியைத்தான் சுட்ட வேண்டும் என்ற கட்டுப்பாடுதான் ஃபாரின் கீ. கோர்ஸ் பயிற்சி எல்லாம் எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில்தான் செய்தேன். ஃபாரின் கீ ஒழுங்காக எழுதியிருந்தேன், எரர் எதுவும் வரவில்லை, அதனால் டேட்டா பத்திரமாக இருக்கிறது என்று நம்பினேன். ஒரு நாள் கணக்குப் பார்த்தால், இல்லவே இல்லாத வாடிக்கையாளர் பெயரில் ஆர்டர்கள்! எஸ்க்யூலைட்டில் அந்தச் சோதனை வழக்கமாக அணைத்தே இருக்கும், ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் 'பிராக்மா ஃபாரின் கீஸ் ஆன்' என்ற கட்டளை கொடுக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதிலிருந்து ஒரு பழக்கம். டேபிள் போட்டவுடன் சரியான டேட்டாவுக்கு முன்னால் தப்பான டேட்டாவைப் போடுவேன்: இல்லாத வாடிக்கையாளர், மைனஸ் எண்ணிக்கை, ஆர்டர் தேதிக்கு முந்தைய டெலிவரி தேதி. ஏற்றுக்கொண்டால் ஸ்கீமா இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். வீடியோ பார்க்கும்போது வராத நம்பிக்கை இதில்தான் வந்தது.

* * *

நான் பட்ட அடி நேர் எதிர்ப்பக்கம், நார்மலைசேஷன், அதாவது ஒரே தகவல் ஒரே இடத்தில் இருக்கும்படி டேபிள்களைப் பிரிப்பது, அதிகமாகப் போனதால். தகவலை டேபிள்களாகப் பிரித்து வைக்கும் ரிலேஷனல் மாடல் பற்றி, கணினி அறிஞர் எட்கர் காட் 1970-இல் எழுதிய கட்டுரையைக் கூடத் தேடிப் படித்தேன். ஊழியர் விவரத்துக்குள் அடைத்து வைத்திருந்த பிள்ளைகள் பட்டியலையும் வேலை வரலாற்றையும் அவர் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் இடம் எந்த வீடியோவையும் விட எனக்குத் தெளிவாக இருந்தது.

அந்த உற்சாகத்தில் ஆர்டர் வரியில் இருந்த விலையை எடுத்துவிட்டேன். பொருள் டேபிளில்தான் விலை இருக்கிறதே, ஒரே தகவல் எதற்கு இரண்டு இடத்தில்? பொருளின் விலை மாறியது. பழைய பில்களின் மொத்தமும் கூடவே மாறியது. அன்று விற்ற விலையும் இன்றைய விலையும் ஒரே எண்ணாக இருந்தாலும் இரண்டு வெவ்வேறு தகவல்கள். இப்போது அந்த நெடுவரிசைக்கு 'விற்ற_விலை' என்றே பெயர் வைத்திருக்கிறேன், பிறகு வருகிற யாரும் எடுத்துவிடக் கூடாது என்று.

* * *

நூலக அனுபவம் எழுதியது நான்தான். விலை விஷயத்தைப் படித்ததும் என் தாமதக் கட்டணத்தைத் திறந்து பார்த்தேன். ஒரு நாளைக்கு இவ்வளவு என்ற தொகை செட்டிங்ஸ் டேபிளில் ஒரே இடத்தில் இருக்கிறது, பழைய பாக்கி எல்லாம் அதை வைத்துத்தான் கணக்காகிறது. கட்டணம் இன்னும் ஒரு முறை கூட மாறவில்லை. மாறுவதற்குள் இரவல் டேபிளில் அன்றைய கட்டணத்தைச் சேர்த்துவிடுகிறேன். ரொம்ப நன்றி.