டிசம்பர் வந்தால் நீங்கள் போடும் ஜாஸ் ஆல்பம் எது?

கீபோர்டுக்காரன், பிரேசர் டவுன்:

எனக்கு வின்ஸ் குவரால்டி ட்ரையோவின் ‘எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்’தான். 1965-ல் அமெரிக்க டிவிக்கு எடுத்த அரை மணி நேர கார்ட்டூனின் இசை. பியானோ, பாஸ், டிரம்ஸ், நடுநடுவே கலிஃபோர்னியா சான் ரஃபேலில் ஒரு சர்ச்சின் பாடகர் குழுப் பிள்ளைகள். அவ்வளவுதான் ஆட்கள்.

டிசம்பர் முழுக்க எனக்கு இங்கே பெங்களூரில் ஹோட்டல் லாபியில் வேலை. ‘ஜிங்கிள் பெல்ஸ்’ கேட்டுக்கொண்டே இருப்பார்கள், வாசித்துக்கொண்டே இருப்பேன். காசு அதற்குத்தான். போன வருஷம் கூட்டம் கலைந்த நேரமாகப் பார்த்து இந்த ஆல்பத்தின் ‘கிறிஸ்துமஸ் டைம் இஸ் ஹியர்’ எடுத்தேன். எஃப் மேஜர் செவன்த் என்ற கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) நிம்மதியாகத் தொடங்கும். இரண்டாவது பாரிலேயே, அதாவது அடுத்த தாளச் சுற்றிலேயே, இ ஃபிளாட் கார்டுக்கு இறங்கி, ஷார்ப் லெவன்த் என்ற கூடுதல் ஸ்வரத்தோடு நிற்கும். பண்டிகைக்கு ஊருக்குப் போக முடியாதவனின் ஏக்கம் அந்த ஒரு கார்டில் வந்து உட்கார்ந்துவிடும். லக்கேஜ் வண்டி தள்ளி வந்த பையன், நம்ம தர்மபுரிக்காரன், அப்படியே நின்றுவிட்டான். “என்ன பாட்டுண்ணா இது, சந்தோஷமா சோகமா?” நான் வாயைத் திறப்பதற்குள் ரிசப்ஷனில் கூப்பிட்டுவிட்டார்கள்.

இந்த ஆல்பத்தைக் கேட்டு யாராவது இப்படி நின்றதைப் பார்த்திருக்கிறீர்களா?

மிருதங்கம், மல்லேஸ்வரம்:

கச்சேரி வாசிக்கிறவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். சில்க் போர்டு டிராஃபிக்கில் டிரம்மர் நண்பர் காரில் போட்டுக் கேட்டது. ‘ஸ்கேட்டிங்’ பாட்டு வந்ததும் என் கை தானாகத் திஸ்ரம், மூன்று மூன்றாக எண்ணும் நடை, போட ஆரம்பித்தது. ஆல்பத்தில் டிரம்ஸ்காரர் குச்சிக்குப் பதில் பிரஷ்ஷால் தோலைத் தேய்த்துக்கொண்டே போகிறார். நாங்கள் மிருதங்கத்தில் சாப்பு என்ற அடி வைத்து அதிரவிடுகிற இடத்தில் மனிதர் மெதுவாகத் துடைத்துவிட்டு நகர்கிறார்! பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் நண்பர் வண்டியை எடுத்தார்.

பியானோ டீச்சர், குக் டவுன்:

எனக்குப் பிடித்ததே அந்தப் பிள்ளைகளின் குரல்தான். சுருதி அங்கங்கே நழுவும். அதைத் திருத்தியிருந்தால் நான் இரண்டாம் முறை கேட்டிருக்கவே மாட்டேன். எங்கள் கேரல் குழுவுக்குப் போட்டுக் காட்டியபோது, “மிஸ், இவங்களும் நம்மள மாதிரிதான் பாடுறாங்க” என்றது ஒரு பொடிசு. அப்புறம், எல்லாரும் இதே ஆல்பத்தின் ‘லைனஸ் அண்ட் லூசி’ சொல்லிக்கொடுங்கள் என்று வருகிறார்கள். ஸ்கேல் ஏ ஃபிளாட் மேஜர். இடது கை ஒரே சுற்றை விடாமல் உருட்ட, வலது கை தன் போக்கில் போகவேண்டும். இடது கை தனியாகப் படியாமல் வலது கையைத் தொடவே விடமாட்டேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறார்கள், பரவாயில்லை.

கீபோர்டுக்காரன், பிரேசர் டவுன்:

மிருதங்கம் சார், இதே ஆல்பத்தில் ‘ஓ டானன்பாம்’ கேட்டுப் பாருங்கள். முதலில் தாளக்கட்டு இல்லாமல் பியானோ மட்டும், நம்ம ஆலாபனை மாதிரி. பிறகு பாஸும் டிரம்ஸும் வந்து ஸ்விங், அதாவது ஜாஸின் ஆடி ஆடிப் போகும் தாள நடை, பிடிக்கும். எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம், எங்கே வைப்பீர்கள் என்று சொல்லுங்கள், ஒரு சனிக்கிழமை சேர்ந்து வாசிக்கலாம்.