பழைய ஜூபாகோ: வாடை, வெண்படலம், மூலையில் விரிசல்

கேள்வி
மூன்றடுக்கு ஜூபாகோ, அதாவது ஜப்பானிய அடுக்கு உணவுப்பெட்டி. வெளியே கறுப்பு, உள்ளே சிவப்பு, மூடியில் பொன்தூள் வேலை. திறந்தால் பழைய வாடை. நடு அடுக்கின் அடியில் வட்டமாக ஒரு வெண்படலம். கீழடுக்கின் மூலையில் மேலிருந்து கீழாக மயிரிழை விரிசல். இது அசல் அரக்குதானா, பிளாஸ்டிக்கா? சூப்பர் குளூ போட்டு ஒட்டிவிட்டு உணவு பரிமாறலாமா?

தச்சன்கை
முதலில் பெயர். நாம் அரக்கு என்பது பூச்சி சுரப்பது. அசல் ஜூபாகோவில் பூசுவது உருஷி, மரத்தின் பால். சேராங்கொட்டை வகையறாதான், அதேபோல் தோலைப் புண்ணாக்கும். நன்றாக இறுகிய பழைய பூச்சில் அந்தப் பயம் இல்லை.

1962-இல் வந்த ஜப்பானின் வீட்டுப் பொருள் தர அடையாளச் சட்டத்தின்படி, உருஷி பூசியதற்கு லேபிளில் 'ஷிக்கி' என்றும், செயற்கைப் பூச்சுக்கு 'கோசெய் ஷிக்கி' என்றும் இருக்கும். பழைய பெட்டியில் லேபிள் கிடைப்பது அரிது. ஆனால் உங்கள் விரிசலே ஒரு சாட்சி. மூலையில் நேர்க்கோடாகப் பிளந்திருந்தால், பலகைகளை இணைத்துச் செய்த மரப்பெட்டி என்றே படுகிறது. அச்சில் வார்த்த பெட்டிக்கு மூலையில் இணைப்பே கிடையாது. மேல்பூச்சு உருஷியா என்பதை மட்டும் இதை வைத்துச் சொல்ல முடியாது.

வெயில்படாதது
வெண்படலத்தை வெதுவெதுப்பான நீரில் நனைத்த மென்துணியால் துடைத்துப் பாருங்கள். போய்விட்டால் நீர்க்கறை. போகாவிட்டால், கொதிக்கக் கொதிக்க எதையோ வைத்ததால் பூச்சே வெளுத்திருக்கிறது. மெருகேற்றியோ மறுபடி பூசியோதான் சரிசெய்ய முடியும்.

வாடைக்கு, வினிகர் கலந்த நீரில் துணியைப் பிழிந்து உள்ளே மட்டும் துடைத்து, உடனே உலர்த்துணியால் ஒற்றி, அடுக்குகளைப் பிரித்து நிழலில் சில நாள் வையுங்கள். பிறகும் இருந்தால், பச்சரிசிக்குள் புதைத்து ஒரு வாரம். வெயிலில் மட்டும் காயவைக்க வேண்டாம். இறுகிய உருஷி அமிலத்துக்கும் சாராயத்துக்கும் அசையாது, புற ஊதாக்கதிருக்குத் தோற்றுவிடும்: பளபளப்பு மங்கி, மேல்தோல் பொடியாகும். மூடியின் மகி-எ, அதாவது பொன்தூள் வேலையைத் தேய்க்காதீர்கள்.

புதியவன்_22
தேங்காய் எண்ணெய் தடவினால் வெண்மை மறைந்துவிடுமே?

வெயில்படாதது
மறையும், சரியாகாது. மறுபடி கழுவியதும் திரும்ப வரும். விரிசலுக்குள் எண்ணெய் இறங்கினால் அதன்பின் எந்தப் பசையும் பிடிக்காது.

தச்சன்கை
விரிசலுக்கு வருகிறேன். சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். ஈரப்பதம் மாறும்போது மரம் விரிந்து சுருங்கும். அந்தப் பசை வளையாது, பக்கத்தில் புதிதாகப் பிளக்கும். பிறகு பழுதுபார்ப்பவர் அதை முழுக்கச் சுரண்டியெடுத்தால்தான் உருஷி மரத்தில் ஊறும்.

மூலையை மெல்ல அழுத்திப் பாருங்கள். அசையாவிட்டால் பூச்சில் மட்டும்தான் கீறல், விட்டுவிடலாம். அசைந்தால் முகி-உருஷி: கோதுமை மாவை நீர்விட்டு இழுபடும் பதத்துக்குப் பிசைந்து, ஏறக்குறைய அதே அளவு பச்சை உருஷி சேர்த்துக் குழைப்பது. மெல்லிய தகட்டால் விரிசலுக்குள் செலுத்தி, துணி வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, வழிந்ததை டர்பன்டைனால் துடைக்க வேண்டும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். உருஷி காய்வதில்லை, இறுகுகிறது. அதிலுள்ள நொதி வேலைசெய்ய 20-25 டிகிரி சூடும் 70-80 சதவீத ஈரப்பதமும் தேவை. அட்டைப்பெட்டிக்குள் ஈரத்துணியோடு மூடிவைத்தால் போதும். ஹேர் டிரையர் காட்டினால் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். இணைப்புக்குள் காற்று மெதுவாகத்தான் போகும் என்பதால் ஒன்றிரண்டு வாரம் தொடாதீர்கள். நைட்ரைல் கையுறை கட்டாயம். தோலில் பட்டால் முதலில் சமையல் எண்ணெயால் துடைத்து, அப்புறம் சோப்பு.

ஒட்டிய அடுக்கில் ஒரு மாதமாவது உணவு வைக்காதீர்கள். மற்ற இரண்டில் வைக்கலாம், ஆறிய பண்டமாக. ஊறவிடக் கூடாது, மைக்ரோவேவும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் ஆகாது. அறை மிகவும் வறண்டதாக இருந்தால் அலமாரியில் ஒரு சின்னக் கோப்பை நீர் வையுங்கள். அந்த மூலை பிளந்ததற்கே வறட்சிதான் காரணமாக இருக்கும்.