பழைய துணி விற்பனை: மூணு மடங்கு விலைக்குப் போயும் கையில் காசு நிற்காதது ஏன்?

நூல்கண்டு:
செகண்ட் ஹேண்ட் துணியை மொத்தமா எடுத்து, துவைத்து, ஆன்லைனில் ஒவ்வொன்றா விற்கும் தொழில் பற்றிய கேள்வி. அடக்க விலைக்கு மூணு மடங்கு கிடைத்தும் மாசக் கடைசியில் ஒண்ணும் மிஞ்சுவதில்லையே, எங்கே ஓட்டை? எடுக்கும்போதே எதைத் தள்ளணும்? அக்குள், காலர் மஞ்சள் கறை போகுமா? "அளவு சரியில்லை"னு திரும்பி வருவதை எப்படிக் குறைப்பது?

ஊசிமுனை:
முதலில் கணக்கு. உதாரணத்துக்கு 100க்கு ஒரு சட்டை விற்றதா வைங்க. கொள்முதல் 33, தளத்தின் கமிஷன் 15, அனுப்பும் செலவு 15, சோப்பு கவர் எல்லாம் 5. மிச்சம் 32. ஆனா எடுத்த 10 சட்டையில் 7தான் விற்கும்னா, தேங்கின மூணின் கொள்முதல் 99 அந்த ஏழின் தலையில்தான் விழும், ஆளுக்கு 14. நிஜ லாபம் 18. ஒரு சட்டை திரும்பி வந்து போக வரச் செலவு உங்களுடையதுன்னா 30 போச்சு, அதாவது கிட்டத்தட்ட ரெண்டு சட்டை லாபம். ஓட்டை விலையில் இல்லை. தேங்குற சரக்கிலும் திரும்பி வர்ற சரக்கிலும் இருக்கு.

அதனால கொள்முதலில் இரக்கம் கூடாது. துணியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிங்க. முழங்கை, ஜீன்ஸின் கவட்டைப் பகுதி இங்கெல்லாம் இழை மெலிந்து வெளிச்சம் தெரிந்தால் தள்ளிடுங்க. ரெண்டு துவைப்பில் கிழியும். இடுப்பு எலாஸ்டிக்கை இழுத்து விடுங்க. மொறுமொறுன்னு சத்தம் வந்தால் உள்ளே ரப்பர் செத்துப்போச்சு. செயற்கைத் தோல் ஜாக்கெட்டில் காலர் மடிப்பையும் கைமுனையையும் நகத்தால் சுரண்டிப் பாருங்க. பாலியூரிதேன் பூச்சு காற்றின் ஈரத்தாலேயே சிதையும். இன்னைக்கு லேசா பிசுபிசுத்தால் அலமாரியில் சும்மா இருந்தே செதில் செதிலா உரியும். சுருங்கிக் கெட்டியான கம்பளியும் மீளாது.

ஜிப் பல் முழுசா இருந்து பிளந்துக்கிட்டா மட்டும் பயப்படாதீங்க. ஸ்லைடரின் ரெண்டு பக்கத்தையும் குறடால் லேசா அமுக்கினா பெரும்பாலும் சரியாகும். பல் போயிருந்தால் ஜிப் மாற்றும் கூலி லாபத்தைத் தின்னுடும்.

வெள்ளாவி:
கறைக்கு வர்றேன். அக்குள் மஞ்சளுக்குக் காரணம் வெறும் வியர்வை இல்லை. வியர்வைத் தடுப்பானில் உள்ள அலுமினிய உப்பும் உடம்பு எண்ணெயும் சேர்ந்து இழையில் படிஞ்சது. குளோரின் பிளீச் ஊற்றினால் மஞ்சள் இன்னும் ஏறும், எல்லாரும் செய்ற தப்பு இதுதான்.

முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவி 15 நிமிஷம் விட்டு எண்ணெயைக் கழட்டுங்க. பிறகு 40 முதல் 50 டிகிரி வெந்நீரில் லிட்டருக்கு 10 முதல் 15 கிராம் சோடியம் பெர்கார்பனேட் (ஆக்ஸிஜன் பிளீச் தூள்) கரைச்சு, 4 மணி நேரம் ஊறவைங்க. பச்சைத் தண்ணியில் சரியா வேலை செய்யாது. பருத்திக்கும் பாலியஸ்டருக்கும் மட்டும்; பட்டு, கம்பளி பக்கமே போகக் கூடாது. கலர் துணின்னா உள்தையலில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துட்டு இறங்குங்க. மிச்சக் கரைசலை மூடின பாட்டிலில் வைக்காதீங்க, ஆக்ஸிஜன் வாயு அழுத்தத்தில் வெடிக்கும். கறை முழுசா போகாமல் இஸ்திரி போட்டால் சூட்டில் அது நிலைச்சிடும்.

அந்துருண்டை வாசனை துவைச்சா போகாது. நாப்தலீன் தானா ஆவியாகணும். காத்தோட்டமான இடத்தில் நாள்கணக்கில் தொங்கவிடுங்க. மேலே சென்ட் அடிச்சா ரெண்டு நாத்தமும் சேர்ந்து பார்சல் திரும்பி வரும்! கலர் துணியில் பூஞ்சைக் கரும்புள்ளி இருந்தால் எடுக்கவே எடுக்காதீங்க.

அளவுநாடா:
லேபிளில் உள்ள 'எல்', 'எக்ஸ்எல்' எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், துவைச்சுச் சுருங்கியும் இருக்கும். பட்டன் போட்டு, சமதளத்தில் விரிச்சு, இழுக்காமல் அளங்க. சட்டைக்கு ஒரு அக்குள் தையலில் இருந்து மறு அக்குள் தையல் வரை, தோள், கை நீளம், காலர் ஓரத் தோளில் இருந்து கீழ்விளிம்பு வரை. பேன்ட்டுக்கு இடுப்பு, தொடை, உள்கால் நீளம், கவட்டையில் இருந்து இடுப்புப் பட்டி மேல்விளிம்பு, காலின் கீழ்முனை அகலம். முக்கியமா, "விரித்த அளவு"னு எழுதுங்க. அக்குளுக்கு அக்குள் 52 சென்டிமீட்டர்னா சுற்றளவு 104. 8 முதல் 12 வரை தளர்வு போக, மார்பு 92 முதல் 96 உள்ளவருக்குப் பொருந்தும். இந்த வரியைப் போட்டாலே பாதிக் கேள்வி நின்னுடும். குறை இருந்தால் தூரத்தில் ஒரு படம், நாணயம் வைச்சுக் கிட்டத்தில் ஒரு படம்.

ஊசிமுனை:
விட்டுப்போனது ஒண்ணு. பழசெல்லாம் வின்டேஜ் (பழமைக்காகவே கூடுதல் விலை போகும் துணி) ஆகாது. லீவைஸ் ஜீன்ஸின் சிவப்பு டேகில் கம்பெனிப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'E' வந்தது 1971 வரைதான். அமெரிக்கச் சந்தைத் துணியில் சலவைக் குறிப்பு கட்டாயமானது 1972இல். ஆனா பழைய வடிவத்தைப் புதுசா மறுபதிப்பும் போடுறாங்க. ஒரு அடையாளத்தை மட்டும் நம்பி விலை ஏத்தாதீங்க. தையல், ஜிப், உள்லேபிள் மூணும் ஒரே காலத்தைச் சொல்லணும்.

நூல்கண்டு:
நன்றி. உலோகப் பட்டன் உள்ள பருத்திச் சட்டையை பெர்கார்பனேட்டில் ஊறவைக்கலாமா?

வெள்ளாவி:
கழற்றிட்டு ஊறவைங்க. பித்தளை, செம்பு கறுக்கும், கரைசலின் வீரியமும் குறையும். ரிவெட் அடிச்சதுன்னா (துணியில் தட்டிப் பதிச்சது, கழற்ற வராது) முழுசா முக்காதீங்க. அக்குள் பகுதியை மட்டும் கிண்ணத்தில் நனைச்சு வைங்க.