ரிஃப்ளெக்டிவ் அக்கவுண்ட் "விவரிப்புதான் இருக்கு" என்று திரும்பி வருகிறது: பகுப்பாய்வில் என்ன எழுதணும்?

லெஸ்டர்_கேரர்:

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் ஒரு கேர் ஹோமில் வேலை, கூடவே அடல்ட் கேர் லெவல் 3 டிப்ளமோ. தகவல் தொடர்பு யூனிட்டுக்கும் சுய மேம்பாட்டு யூனிட்டுக்கும் பொதுவாக ஒரு ரிஃப்ளெக்டிவ் அக்கவுண்ட் (வேலையில் நடந்த ஒன்றைத் திரும்பிப் பார்த்து எழுதும் குறிப்பு) கொடுத்திருந்தேன். அதை எழுதும் முறையான கிப்ஸ் சுழற்சியின் ஆறு தலைப்பும் வரிசையாக இருக்கிறது. ஆனாலும் "விவரிப்பு அதிகம், பகுப்பாய்வு இல்லை, செயல்திட்டம் பொதுவாக இருக்கிறது" என்று அசெசர் (டிப்ளமோ வேலையை மதிப்பிடுபவர்) திருப்பிவிட்டார்.

நிகழ்வு (அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்): டிமென்ஷியா (மறதி நோய்) உள்ள ஒரு அம்மா. இரண்டு காதுக்கும் மெஷின் உண்டு. காலையில் உடம்பு துடைத்துவிடப் போனால் கையைத் தட்டிவிட்டுக் கத்துகிறார். டெய்லி நோட்ஸில் நாலைந்து நாளாக எல்லா ஷிஃப்டிலும் "பெர்சனல் கேர் மறுத்தார்" என்றுதான் பதிவு.

நான் எழுதிய பகுப்பாய்வு: "டிமென்ஷியா இருப்பதால் நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை. தகவல் தொடர்பு மிக முக்கியம் என்பதை உணர்ந்தேன்."
செயல்திட்டம்: "இனி இன்னும் பொறுமையாகப் பேசுவேன்."

இதில் என்ன குறைகிறது? உணர்வுகள் என்ற தலைப்பில் எவ்வளவு எழுதலாம்? செயல்திட்டம் எந்த அளவுக்கு இறங்கிப் போகணும்?

---

மேகலை_அசெசர்:

தம்பி, ஆறு தலைப்புக்கும் சம அளவு இடம் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் அங்கேதான் சறுக்குகிறது. கிப்ஸ் 1988-ல் கொடுத்த சுழற்சி விவரிப்பு, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயல்திட்டம் என்று போகும். 800 சொல் எழுதுவதாக இருந்தால் விவரிப்பு 120, உணர்வு 80, மதிப்பீடு 100 போதும். பகுப்பாய்வுக்கு 300 ஒதுக்குங்கள். மிச்சம் 200 முடிவுக்கும் செயல்திட்டத்துக்கும். இது விதி இல்லை, என் கணக்கு. ஆனால் பகுப்பாய்வு விவரிப்பை விடச் சின்னதாக இருந்தால் அந்த அக்கவுண்ட் திரும்பித்தான் வரும்.

மதிப்பீடும் பகுப்பாய்வும் ஒன்று என்று நினைத்துப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். எது சரியாக நடந்தது, எது நடக்கவில்லை என்பது மதிப்பீடு. ஏன் அப்படி நடந்தது என்பது பகுப்பாய்வு. "டிமென்ஷியா இருப்பதால் புரியவில்லை" என்று எழுதினால் காரணம் முழுவதும் அந்த அம்மா பக்கம் போய்விடுகிறது. நீங்கள் மாற்றக்கூடியது எதுவும் அதில் மிஞ்சவில்லை. மாற்ற எதுவும் இல்லாதபோது செயல்திட்டம் "பொறுமையாக இருப்பேன்" என்றுதான் முடியும். இரண்டு குறையும் ஒரே இடத்திலிருந்து வருகிறது.

நிகழ்வில் முப்பது வினாடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அறைக் கதவைத் திறந்ததிலிருந்து அவர் கையைத் தட்டியது வரை. எங்கே நின்றீர்கள்? வெளிச்சம் எந்தப் பக்கம்? டிவி ஓடியதா? முதல் வாக்கியம் என்ன? சொல்லி முடித்ததற்கும் தொட்டதற்கும் நடுவே எவ்வளவு நேரம்? பகுப்பாய்வு இப்படி வரலாம், மாதிரிக்கு:

"நான் நின்றது தலைமாட்டில், அவருக்கு என் முகம் தெரிந்திருக்காது. காது மெஷின் இரண்டும் மேசை மேல் டப்பாவில் இருந்தன. எழுந்திருக்கணும், துடைக்கணும், உடை மாற்றணும், சாப்பிடப் போகணும் என்று நான்கு வேலையை ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே போர்வையை விலக்கினேன். என் பேச்சில் அவரைப் போய்ச் சேர்ந்தது கொஞ்சம்தான். போர்வை போனதும் குளிர்ந்ததும் மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கும். கையைத் தட்டியது அதற்கான பதில் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது."

உங்கள் நிகழ்வில் உண்மையில் எது நடந்ததோ அதைத்தான் போடணும், இந்த வரிகளை அப்படியே எடுக்காதீர்கள். பிறகு ஒரு பத்தியில் இதைக் கற்றதோடு கோர்த்துவிடுங்கள்: டிமென்ஷியாவில் பலருக்கு ஒரு நேரத்தில் ஒரு தகவலைத்தான் பிடித்து வைக்க முடிகிறது, அதனால் ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயல், பதில் வர நேரமாகும், அதனால் மனசுக்குள் பத்து எண்ணிவிட்டு, மறுபடி சொல்வதானால் அதே சொற்களால் சொல்ல வேண்டும். சொற்களை மாற்றினால் அவர் முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும்.

உணர்வுப் பகுதியில் "வருத்தமாக இருந்தது" என்று நிறுத்தாதீர்கள். அந்த உணர்வு உங்களை என்ன செய்ய வைத்தது என்பதுதான் அங்கே வேண்டியது. எட்டு மணிக்குள் இத்தனை பேரை முடிக்கணும் என்ற பதற்றம் இருந்ததா? அதனால் குரல் உயர்ந்ததா? குரலை உயர்த்தினால் முகமும் இறுகும், சொல் விளங்காதவர் முகத்தைப் பார்த்துக் கோபம் என்றே எடுத்துக்கொள்வார். பதற்றத்திலிருந்து நடத்தை வரைக்கும் இரண்டு வரி எழுதினால் பகுப்பாய்வுக்கு வழி அங்கேயே திறந்துவிடும்.

---

வன்னி_நர்ஸ்:

மேகலை அக்கா சொன்னது சரி. நான் அந்த "மறுத்தார்" என்ற பதிவைப் பற்றித்தான் கதைக்கப் போறன், ஏனெண்டால் நாலைந்து நாள் எல்லா ஷிஃப்டும் அதையே எழுதியிருக்கினம், ஒருத்தரும் காரணம் தேடேல்லை.

முதலில காது மெஷின். போட்டிருக்கிறதும் வேலை செய்யிறதும் வேற வேற. பேட்டரிக் கதவை மூடி, மெஷினை உள்ளங்கையில வைச்சுக் கையைக் குவிச்சு மூடுங்கோ. விசில் சத்தம் வந்தால் பேட்டரியில உயிர் இருக்கு. வராட்டி பேட்டரி மாத்துங்கோ: ஆரஞ்சு ஸ்டிக்கர் 13, பிரவுண் 312. ஸ்டிக்கரை உரிச்ச உடன உள்ள போடக்கூடாது, அந்த பேட்டரிக்குக் காத்து வேணும், ஒண்டு ரெண்டு நிமிசம் விட்டுட்டுப் போடுங்கோ. சிவப்பு அடையாளம் வலது காது, நீலம் இடது. காதில போட்ட பிறகு விசில் அடிச்சுக்கொண்டே இருந்தால் மோல்ட் (காதுக்குள்ள வைக்கிற பகுதி) சரியா உட்காரேல்லை, அல்லது காதில குறும்பி (அழுக்கு) இருக்கு. குழாய்க்குள்ள ஈரத்துளி நிண்டாலும் சத்தம் போகாது. இதெல்லாம் பாக்க ரெண்டு நிமிசம் போதும். இரவு ஷிஃப்ட் கழட்டி வைச்சதைக் காலையில ஆர் போடுறது எண்டு கேர் பிளானில (அவவின்ர பராமரிப்புத் திட்டத்தில) எழுதியிருக்கோ எண்டும் பாருங்கோ. எழுதாத இடத்தில ஒருத்தரும் போடாயினம்.

ரெண்டாவது நோ (வலி). தொடேக்க மட்டும் கத்துறா எண்டால் நோவைத்தான் முதல்ல சந்தேகப்பட வேணும். தன்ர வாயால சொல்லேலாத ஆக்களுக்கு அபே பெயின் ஸ்கேல் இருக்கு. குரல், முகபாவம், உடல்மொழி மாற்றம், நடத்தை மாற்றம், உடலியல் மாற்றம், உடலில தெரியிற மாற்றம் எண்டு ஆறு விசயம், ஒவ்வொண்டுக்கும் 0 இலிருந்து 3. கூட்டினால் 0–2 நோ இல்லை, 3–7 லேசு, 8–13 நடுத்தரம், 14உம் அதுக்கு மேலயும் கடுமை. படுத்திருக்கேக்க பாத்து 1 எண்டு போட்டுட்டுப் போறதுதான் வழக்கமா நடக்கிற பிழை. அசைக்கேக்க, திருப்பேக்க பாக்க வேணும். நோவுக்கு ஏதும் குடுத்தால் ஒரு மணித்தியாலம் கழிச்சுத் திரும்பப் பாக்க வேணும். இன்னொரு விசயம், இந்த ஸ்கேல் நோவையும் பயத்தையும் வடிவாப் பிரிச்சுக் காட்டாது. இலக்கத்தைப் பாத்து முடிவெடுக்காமல் நர்ஸிட்டச் சொல்லுங்கோ. பரசிட்டமோல் எழுதியிருந்தால் அதை எத்தினை மணிக்குக் குடுத்தால் துடைக்கிற நேரத்துக்கு வேலை செய்யும் எண்டு நர்ஸும் ஜிபியும் (குடும்ப டொக்டரும்) பாத்துக்கொள்ளுவினம்.

திடீரெண்டு இந்த நாலைந்து நாளாத்தான் இப்பிடி எண்டால் டிலீரியம் (திடீர் மனக்குழப்பம்) ஆகவும் இருக்கலாம்: சலத்தில (சிறுநீரில) தொற்று, மலச்சிக்கல், தண்ணி காணாமை, புது மருந்து. அது அண்டைக்கே நர்ஸுக்குச் சொல்ல வேண்டிய விசயம். அக்கவுண்ட் எழுதி முடிக்கும் வரைக்கும் வைச்சிருக்க ஏலாது.

மூண்டாவது சட்டம். 2005 மென்டல் கெப்பாசிட்டி சட்டத்தில ஒரு கொள்கை, ஆளுக்கு உதவ நடைமுறையில ஏலுமான எல்லாத்தையும் செய்து பாக்காமல், அவரால முடிவெடுக்க ஏலாது எண்டு எடுத்துக்கொள்ளக் கூடாது எண்டது. மெஷின் டப்பாக்குள்ள இருக்கேக்க கேட்ட கேள்விக்கு வந்த பதிலை வைச்சு ஒண்டையும் தீர்மானிக்க ஏலாது. இதை உங்கட பகுப்பாய்வில ரெண்டு வசனத்தில கொண்டுவந்தால் அசெசர் கேக்கிற கோட்பாட்டுத் தொடர்பும் வந்திடும்.

---

ஹேண்டோவர்_சீனியர்:

செயல்திட்டத்தை எப்படி எழுதுவது என்று யாரும் சொல்லவில்லை, அதனால் நான்.

"பொறுமையாகப் பேசுவேன்" என்பதை யாராலும் சரிபார்க்க முடியாது. செயல்திட்டத்தின் ஒவ்வொரு வரியையும் நீங்கள் லீவில் இருக்கும் நாளில் இன்னொரு கேரர் செய்து காட்ட முடிய வேண்டும். அந்த அளவுகோலில் உங்களுடையதை இப்படி எழுதலாம்:

"காலை 7.30-க்கு உள்ளே போகும்போதே மெஷினைச் சோதித்துப் போடுவது. டிவியை அணைப்பது. முன்பக்கம் வந்து, அவர் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து, பெயர் சொல்லி அழைப்பது. துணியைக் கையில் கொடுத்து முகத்தை அவரே துடைக்கவிடுவது. உடம்பைத் துடைக்கும்போது துடைக்காத பகுதி டவலால் மூடியே இருப்பது. கையைத் தட்டினால் நிறுத்திவிட்டு, 20 நிமிடம் கழித்து வேறொருவர் போவது. சீனியரிடம் பேசி இதை கேர் பிளானின் தகவல் தொடர்புப் பகுதியில் சேர்ப்பது. அடுத்த சூப்பர்விஷனில் (மேலாளருடன் நடக்கும் பேச்சில்), அதுவரையிலான டெய்லி நோட்ஸை வைத்து, மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது."

டெய்லி நோட்ஸில் "மறுத்தார்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதுவதையும் நிறுத்துங்கள். என்ன கேட்கப்பட்டது, என்ன செய்தார், அப்போது மெஷின் போட்டிருந்ததா, பிறகு என்ன முயற்சி நடந்தது என்று மூன்று வரி இருந்தால்தான் அடுத்த ஷிஃப்ட் வேறு வழி பார்க்கும். ஹேண்டோவரில் (ஷிஃப்ட் மாறும்போது தகவலை ஒப்படைப்பதில்) எஸ்பார் (SBAR) வரிசை உதவும்: இப்போது நிலைமை, அதன் பின்னணி, உங்கள் கணிப்பு, நீங்கள் கேட்பது. நம் ஆட்கள் பெரும்பாலும் முதல் இரண்டை நன்றாகச் சொல்லிவிட்டுக் கடைசி இரண்டை விழுங்கிவிடுகிறோம், நர்ஸுக்கு முன்னால் கணிப்புச் சொல்வது மரியாதை இல்லையோ என்று. "அசைக்கும்போது மட்டும் கத்துகிறார், வலியாக இருக்கும் என்று நினைக்கிறேன், இன்றைக்கு நீங்கள் பார்க்க முடியுமா" என்று கேட்பது உங்கள் வேலையின் பகுதி. தயங்காமல் சொல்லுங்கள்.

அந்த அம்மாவின் தாய்மொழி ஆங்கிலம் இல்லையென்றால் அதையும் பாருங்கள். பின்னாளில் கற்ற மொழி டிமென்ஷியாவில் முதலில் நழுவிப்போவது அடிக்கடி நடக்கிறது. லண்டனில் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் இருக்கும் நம் பெரியவர்களுக்கும் இதே கதைதான். அன்றாடத் தேவைக்கு ஏழெட்டுச் சொற்களைக் குடும்பத்திடம் கேட்டு எழுதி வைக்கலாம். ஆனால் சிகிச்சை, சம்மதம், பாதுகாப்பு பற்றிய பேச்சுக்குக் குடும்பத்தாரை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது, முறையான மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். கேட்கும் திறன் குறைந்தவர்களின் தேவையைக் கண்டறிந்து, பதிந்து, எல்லாருக்கும் தெரியும்படி குறியிட்டு, பகிர்ந்து, நிறைவேற்றணும் என்று அக்செஸிபிள் இன்ஃபர்மேஷன் ஸ்டாண்டர்டு 2016-லிருந்து இங்கிலாந்தில் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அது வேற்றுமொழி மொழிபெயர்ப்புக்கானது இல்லை, அக்கவுண்டில் இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

---

லெஸ்டர்_கேரர்:

மூவருக்கும் மிக்க நன்றி. இன்றைக்கே சீனியரிடம் வலி பற்றியும் திடீர் மாற்றம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்னொரு சந்தேகம்: ஒரு தவறு நடந்த நிகழ்வை ரிஃப்ளெக்ஷனாக எழுதலாமா? பின்னாளில் அதையே எனக்கு எதிராகக் காட்டுவார்களோ என்று இங்கே பலருக்கும் பயம் இருக்கிறது.

---

மேகலை_அசெசர்:

எழுதலாம். ஆனால் வரிசை முக்கியம். முதலில் நடந்ததை மேனேஜரிடம் சொல்லி, இன்சிடென்ட் ஃபார்ம் போடணும். பாதுகாப்புப் பிரச்சினை என்றால் சேஃப்கார்டிங் நடைமுறை. ரிஃப்ளெக்ஷன் இவற்றுக்கு மாற்று இல்லை. ஃபார்மில் போடாத ஒரு தகவல் அக்கவுண்டில் முதன்முதலாக வந்தால், அதை மேலே தெரிவிக்கும் கடமை அசெசருக்கும் உண்டு.

நீதிமன்றம் ஆணையிட்டால் ரிஃப்ளெக்ஷன் குறிப்புகளையும் கொடுக்க வேண்டிவரலாம். அதற்காக மழுப்பி எழுத வேண்டியதில்லை. நேரம், மருந்தளவு, யார் என்ன சொன்னார் போன்றவை இன்சிடென்ட் ஃபார்மில் இருக்கட்டும். அக்கவுண்டில் கற்றதும் மாற்றியதும் இருக்கட்டும். பெயரை எடுத்துவிட்டால் மட்டும் அடையாளம் மறைந்துவிடாது. அறை எண், சரியான வயது, அரிதான நோய், பழைய தொழில் இவை சேர்ந்தால் அந்த ஊரில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார். "ஓர் இல்லவாசி" என்று எழுதுங்கள். ஹோமின் பெயரும் வேண்டாம். டிராஃப்டை சொந்தப் போனிலோ வாட்ஸப் குழுவிலோ வைக்காதீர்கள்.

---

வன்னி_நர்ஸ்:

நர்ஸுகள் ஆரும் இதை வாசிச்சால் உங்களுக்கு ஒரு வரி: என்எம்சி (நர்ஸுகளைப் பதியிற சபை) ரீவாலிடேஷனுக்கு (பதிவைப் புதுப்பிக்கிறதுக்கு) மூண்டு வருசத்துக்குள்ள ஐஞ்சு ரிஃப்ளெக்டிவ் அக்கவுண்ட் வேணும், அவையின்ர ஃபார்மிலயே, ஒவ்வொண்டும் அவையின்ர கோடில (நடத்தை விதிகளில) எந்தப் பகுதியோட சேருது எண்டு காட்டி. பிறகு இன்னொரு என்எம்சி பதிவுக்காரரோட இருந்து கதைச்சு அதையும் பதிய வேணும். அதுக்கு கிப்ஸின்ர ஆறு தலைப்பும் தேவையில்லை. என்ன நடந்தது, அதால என்ன விளங்கினது, இனி என்ன செய்யப்போறன் எண்ட மூண்டு கேள்வியே காணும். கடைசி மாசத்தில ஐஞ்சையும் ஞாபகத்திலயிருந்து எழுத வெளிக்கிட்டால் ஆர் எங்க நிண்டது, என்ன சொன்னது எண்டு ஒண்டும் வராது. நடந்த கிழமையிலயே அரைப் பக்கம் எழுதி வைச்சிடுங்கோ.