மங்கலான சிடி25-க்கு 20 மில்லிவாட் லேசர் போதுமா?

கேள்வி: செல்லும்_நானும்

எங்கள் லேபில் ஒற்றை லேசர் ஃப்ளோ சைட்டோமீட்டர்தான் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓட்டி ஒளிர்வை அளக்கும் கருவி). 488 நானோமீட்டர், 20 மில்லிவாட். மனித ரத்தத்தில் செல் பரப்புப் புரதமான சிடி4 அருமையாகப் பிரிகிறது. இன்னொரு பரப்புப் புரதமான சிடி25-ஐ பிஇ (ஃபைகோஎரித்ரின்) ஒளிர்சாயத்தில் போட்டால் மட்டும் நெகட்டிவோடு (அது இல்லாத செல்களோடு) ஒட்டிக்கொண்டு தோள்பட்டை மாதிரி நிற்கிறது. 100 மில்லிவாட் லேசர் போட்டால் பிரிந்துவிடும் என்கிறார் விற்பனைப் பிரதிநிதி. விலையைக் கேட்டால் ஆன்டிபாடி பட்ஜெட்டே காலி. மாற்றுவதா, வேண்டாமா?

பதில்: ஆர்கான்_காலத்து_ஆள்

வேண்டாம். நான் சர்வீஸ் வேலையில் தலை நரைத்தவன், இந்த வாட் மோகத்தை ரொம்ப நாளாகப் பார்க்கிறேன்.

தண்ணீர் விட்டுக் குளிர்விக்கும் பெரிய ஆர்கான் லேசர்கள், செல்களைத் தனித்தனியாகப் பிரித்தெடுக்கும் சார்ட்டர்களுக்காக வந்தவை. அவற்றில் செல் திறந்த காற்றில் பீய்ச்சும் தாரையில் வேகமாகப் போகும், லென்ஸை ரொம்பக் கிட்டே கொண்டுபோக முடியாது. உங்கள் கருவியில் செல் குவார்ட்ஸ் குவெட்டுக்குள் (ஒளி புகும் சின்னக் குழாய்) மெதுவாகப் போகிறது. லென்ஸ் ஜெல் வைத்துக் குவெட்டோடு ஒட்டியிருப்பதால், வரும் ஒளியில் பெரும்பங்கை அள்ளிவிடும். பழைய சைட்டோமீட்டர்களான ஃபேக்ஸ்கேன், ஃபேக்ஸ்காலிபர் இரண்டும் 15 மில்லிவாட்டில்தான் காலம் தள்ளின. சிடி4 எண்ணும் ஃபேக்ஸ்கவுண்ட் அதைவிடச் சின்னப் பச்சை ஹீலியம்-நியான் லேசரை வைத்தே ஓடியது.

சக்தியைக் கூட்டினால் பின்னணியும் கூடவே ஏறும். 488-ல் தண்ணீரின் ராமன் சிதறல் (தண்ணீர் நிறம் மாற்றிச் சிதறடிக்கும் லேசர் ஒளி) 585 நானோமீட்டர் பக்கம் விழுகிறது, அதாவது நேராக உங்கள் பிஇ ஃபில்டருக்குள். செல்லின் சொந்த ஒளிர்வும் அங்கேதான். இவை சக்திக்கு நேர்விகிதமாக வளரும். பிஇயோ ஒரு கட்டத்துக்கு மேல் வெளுக்க ஆரம்பித்துவிடும். எல்லாம் உங்களுக்குச் சாதகமாகவே நடந்தாலும், ஃபோட்டான் பஞ்சத்தால் (ஒளித்துகள் குறைவால்) சிகரத்தில் வரும் விரிவு ஐந்து மடங்கு சக்திக்கு சுமார் 2.2 மடங்குதான் குறுகும். வர்க்கமூலக் கணக்கு.

முதலில் எட்டுச் சிகர ரெயின்போ பீட்ஸை (எட்டு அளவு பிரகாசமுள்ள சோதனை மணிகள்) லோ வேகத்தில் ஓட்டுங்கள். மங்கலான சிகரங்கள் ஒட்டினால் அலைன்மென்ட், குவெட் அழுக்கு, பழைய ஃபில்டர் மூன்றையும் பாருங்கள்.

பதில்: பச்சைக்_கதிர்

காசு இருந்தால் வாட்டை விட்டு நிறத்தை மாற்றுங்கள். பிஇ அதிகம் உறிஞ்சுவது 565 பக்கத்தில். 561 லேசர் போட்டால் குறைந்த சக்தியிலேயே மின்னும், ராமன் சிதறலும் 690-ஐத் தாண்டிப் போய்விடும். 532-ம் நல்லதுதான். ஆனால் பாயின்டரில் வரும் மலிவு மாட்யூலை வாங்காதீர்கள், அதன் வெளிச்சம் நடுங்கும். இரைச்சல் 1 சதவீதத்துக்குள் என்று எழுதிக் கொடுக்கிறார்களா பாருங்கள்.

செல்லும்_நானும்

பீட்ஸ் ஓட்டினேன். எட்டும் தனித்தனியாக நிற்கின்றன. சிடி25 தோள்பட்டை அப்படியேதான் இருக்கிறது.

ஆர்கான்_காலத்து_ஆள்

அப்போ கருவியை விடுங்கள். மனித சிடி4 செல்களில் சிடி25 இயல்பிலேயே நெகட்டிவிலிருந்து ஹை வரை தொடர்ச்சியாகப் போகும், நடுவில் பள்ளம் கிடையாது. எந்த லேசரும் அதை வெட்டித் தராது. ரெகுலேட்டரி செல் (நோயெதிர்ப்பை அடக்கி வைக்கும் டி செல்) தேடுகிறீர்கள் என்றால் 488-ல் ஒளிரும் இன்னொரு சாயத்தில் சிடி127 என்ற பரப்புப் புரதத்தையும் சேருங்கள். சிடி25 கூடுதலாகவும் சிடி127 குறைவாகவும் உள்ள கூட்டம் இரட்டைப் படத்தில் தனியே தெரியும். கேட்டை (பாசிட்டிவ், நெகட்டிவ் எல்லைக்கோட்டை) எஃப்எம்ஓ கன்ட்ரோல் (ஒரு சாயத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் போட்ட மாதிரி) வைத்துப் போடுங்கள். பிஇ ஆன்டிபாடியை டைட்ரேட் பண்ணியாகிவிட்டதா (பல அளவுகளில் போட்டுப் பார்த்துச் சரியான அளவைக் கண்டுபிடித்தாகிவிட்டதா)?